ஐப்பசியைத் தாண்டிய கேமரா: போர்வெல் கொட்டகையில் சூரிய மின்சாரத்தோடு மூன்று ஆண்டுகள்

மன்னார்குடியைத் தாண்டி இருக்கும் எங்கள் போர்வெல் மோட்டார் கொட்டகைக்கும் நான் குடியிருக்கும் தஞ்சாவூருக்கும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாத இரவில் மோட்டார் கேபிளை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், தாமிரத்துக்காக. இதுவே நடவு நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம் போனது. அந்தச் சித்திரையிலேயே 4ஜி சிம் போடும் கேமரா ஒன்றை வாங்கிக் கம்பத்தில் ஏற்றினேன். விவசாய மின் இணைப்பு மோட்டாருக்கானது. அதில் வேறெதையும் மாட்டினால் வம்பு. ஆகவே சூரிய மின்சாரம்.

கடையில் கொடுத்த செட்டில் 40 வாட் பேனல், 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரி, பாட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாட்டரி நிரம்பிவிடும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போனில் வயலைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா மட்டும் பேனலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐப்பசி வரட்டும் தம்பி" என்றார்.

வந்தது. அடைமழையின் இரண்டாம் நாள் இரவே கேமரா அணைந்துபோனது.

வாங்கும்போதே போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்போதுதான் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்ததில் கேமரா பகலில் 2.5 வாட் இழுக்கிறது. இரவில் அகச்சிவப்பு விளக்கும் எரிவதால் 5.5 வாட். ஒரு நாளைக்கு 96 வாட்-மணி. பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே (12 வோல்ட் × 12 ஆம்பியர்-மணி) 144 வாட்-மணிதான். ஈய அமில பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் நம்பி எடுக்கக்கூடியது 72. ஓர் இரவுக்கே 66 போய்விடுகிறது! நல்ல வெயில் நாளில் 40 வாட் பேனல் நாலைந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான மின்சாரம் தரும். ஐப்பசி மூட்டத்தில் அது ஒரு மணி நேரத்துக்கு ஈடாகச் சுருங்கிவிடும். கம்பி, கன்ட்ரோலர் சேதாரம் போக 30 வாட்-மணி மிஞ்சினால் அதிகம். அடிக்கடி காலியாகிக் கிடந்த அந்தப் பாட்டரி தை பிறக்கும்போது உப்பிப்போயிருந்தது.

மழை மட்டும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். கார்த்திகையில் ஒருநாள் மழை விட்டு, பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் பளிச்சென்று வெயில் அடித்தது. ஆனாலும் கன்ட்ரோலரில் சார்ஜ் ஏறவில்லை. வெளியே வந்து பார்த்தால், பேனலின் நடுவில் தென்னங்கீற்றின் நிழல் சீப்புப் போல விழுந்திருக்கிறது. பேனலுக்குத் தெற்கே இருபதடி தள்ளி நிற்கும் மரம். சித்திரையில் மாட்டியபோது உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் இருந்ததால் நிழல் இந்தப் பக்கமே வரவில்லை. ஐப்பசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்துவிட, மரத்தின் தலை நிழல் நேராகப் பேனல்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பேனலில் வெயிலை மின்சாரமாக்கும் சில்லுகள் (செல்கள்) ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் அடைத்தால் கடைமடை காய்வது போல, சில சில்லுகள் நிழலில் கிடந்தாலே மொத்த வரத்தும் படுத்துவிடும்.

மரத்தை வெட்டலாமா என்று கேட்டதற்குச் சித்தப்பா முறைத்தார். 2018 கஜா புயலில் எங்கள் கொல்லையில் விழாமல் நின்ற மூன்று மரங்களில் அது ஒன்று. ஆகவே பேனல்தான் இடம் மாறியது, கொட்டகையின் மறுபக்கத்துக்கு. தெற்குப் பார்த்து, 15 டிகிரி சாய்வில். நம் ஊர் அட்சரேகைக்கு 11 டிகிரி சாய்வே போதும். ஆனால் மழைக்காலச் சூரியன் தெற்கில்தான் நிற்கிறது, சரிவு கூடினால் தூசியும் மழையோடு வழிந்துவிடும்.

இரண்டாவது செட்டில் 100 வாட் பேனல், 12.8 வோல்ட் 40 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி. இன்னொரு பதினான்காயிரம். 512 வாட்-மணி கையிருப்பு என்றால் சொட்டு வெயில் இல்லாமலே ஐந்து நாள் ஓடும். இதிலும் ஒரு தப்புச் செய்தேன். கன்ட்ரோலரை ஈய அமில அமைப்பிலேயே விட்டுவிட்டதால் இரண்டு மாதம் பாட்டரி முழுதாக நிரம்பவே இல்லை. லித்தியம் அமைப்புக்கு மாற்றி 14.4 வோல்ட் வைத்த பிறகு சரியானது. இன்னொன்று, இந்த வகைப் பாட்டரியில் வோல்ட்டைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது. கால்வாசி குறைந்தாலும் பாதி குறைந்தாலும் 13.2 பக்கத்திலேயே நிற்கும், பிறகு கடைசியில் மடமடவென்று சரியும்.

பழைய செட்டில் என்னை அதிகம் குழப்பியது வேறொன்று. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கேமரா தானாக அணைந்து, மறுபடி உயிர்பெறும். பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். கேமராதான் பழுது என்று கடைக்குத் தூக்கிப்போனால், அங்கே நன்றாக ஓடுகிறது. கடைசியில் எங்கள் மோட்டார் மெக்கானிக் கம்பியை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கொட்டகையிலிருந்து கம்பம் வரை 15 மீட்டருக்கு ஸ்பீக்கர் கம்பி மாதிரி மெல்லிசாக இழுத்திருந்தேன். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிய, மின்னோட்டம் கூட, அந்த மெல்லிய கம்பியிலேயே அரை வோல்ட் தொலைந்துவிடுகிறது. 12 வோல்ட்டில் அரை வோல்ட் பெரிய தொகை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டதோடு அந்த வியாதி போய்விட்டது.

பாட்டரியைக் கம்பத்தில் தகரப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். வைகாசியில் உள்ளே அடுப்பு. நான் கொட்டகைக்குள் நிழலில் வைத்திருக்கிறேன். கம்பி நுழையும் ஓட்டையைப் பசை வைத்து அடைக்காவிட்டால் எறும்பு குடியேறிவிடும்.

மூன்று ஆண்டில் திருடன் ஒருவனும் சிக்கவில்லை. கேமராவைப் பார்த்துப் பயந்தானா, வரவே இல்லையா, சொல்லத் தெரியவில்லை. இரவில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை கண்ணாடிக்கு முன் சிலந்தி கட்டும் வலை, அல்லது பெருச்சாளி. ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு எங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்து சேர்கிறது என்பதை இப்போது தஞ்சாவூரில் உட்கார்ந்தபடி பார்த்துவிடுகிறேன். எனக்கு அதுவே பெரிய லாபமாகத் தெரிகிறது.

போன கார்த்திகையில் நான்கு நாள் சூரியன் முகம் காட்டவில்லை. கேமரா அணையவில்லை. இப்போது மிச்சமிருக்கும் தொந்தரவு தை அறுவடைதான். இயந்திரம் இறங்கினால் பேனல்மேல் தூசியும் சுணையும் ஒரு படலமாகப் படிந்துவிடும். போதாததற்கு மடையான் எச்சம். சித்தப்பா விடிகாலையில், கண்ணாடி சூடேறுவதற்கு முன், ஈரத் துண்டோடு ஏணியில் ஏறித் துடைத்துவிடுகிறார். அப்போதெல்லாம் "மனித நடமாட்டம்" என்று என் போன் அலறுகிறது.