கோஆபரேட்டிவா, கம்ப்ளையன்ட்டா?

ஒருவர் நன்றாக ஒத்துழைக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது பலரும் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கோஆபரேட்டிவ் என்பதன் லத்தீன் வேர் 'சேர்ந்து வேலை செய்'. இரண்டு தரப்புக்கும் அதில் பங்கு உண்டு, மறுத்துப் பேசிக்கொண்டேகூட ஒருவர் கோஆபரேட்டிவாக இருக்கலாம். கம்ப்ளையன்ட் என்றால் சொன்னபடி, விதிப்படி நடப்பது, அவ்வளவுதான்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிய நம் வரலாற்றையே பாருங்கள். 1920-ல் காந்தி தொடங்கியது நான்-கோஆபரேஷன், அதாவது ஒத்துழையாமை: பட்டங்களைத் திருப்பிக் கொடு, நீதிமன்றத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் போகாதே. பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன சட்டமீறல்? ஆட்சி ஓடுவதற்கு நாம் கொடுக்கிற தோளை விலக்கிக்கொள்வதுதான் அது. 1930-ல் தண்டியில் காந்தியும் வேதாரண்யத்தில் ராஜாஜியும் உப்பு அள்ளியது வேறு, அது நேரடியாகச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பது. முன்னது கோஆபரேட்டிவாக இருக்க மறுத்தது, பின்னது கம்ப்ளையன்ட்டாக இருக்க மறுத்தது.

சரி, இன்றைய பயன்பாடு. மென்பொருளோ கணக்கோ விதிகளுக்கு உட்பட்டது என்றால் கம்ப்ளையன்ட்தான், பின்னால் 'வித்' (with) வரும். மனிதரைப் பாராட்ட மட்டும் அது வேண்டாம், தலையாட்டுகிறவர் என்ற வாடை அடிக்கும். சக ஊழியருக்கான பரிந்துரைக் கடிதத்தில் கோஆபரேட்டிவ் என்றே எழுதுங்கள். மருத்துவத்தில்கூட, நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதைக் கம்ப்ளையன்ஸ் என்று சொல்வதை விட்டு அட்ஹியரன்ஸ், அதாவது கடைப்பிடித்தல், என்று பலர் மாற்றிக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கீழ்ப்படிதல் வாடைதான்.