முழு ஆடு வாங்கிக் கூறு போட்டால் கட்டுப்படியாகுமா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தீபாவளிக்கு ஆடு பங்கு போடுவது புதிதில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த காலத்திலேயே நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவோம். இப்போது எல்லாரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தாச்சு, பழக்கம் மட்டும் விடவில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு ஆடு வளர்க்கும் ஒரு மாமாவிடம் பல வருஷமாக நேராகவே வாங்குகிறோம். "பசாரை (சந்தையை) விட மலிவா இருக்குமே?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

மலிவில்லை. கணக்கைப் பாருங்கள். ஆட்டை உயிரோடு நிறுத்துத்தான் விலை பேசுவார்கள். 30 கிலோ ஆட்டில் தலை, கால், தோல், குடல் கழிந்தால் எலும்போடு கறி 13, 14 கிலோ தேறும். உயிர் எடைக்குக் கிலோ 30 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் ஆடு 900 வெள்ளி. அதைக் கறிக்கு மட்டும் வகுத்தால் கிலோ 65 வெள்ளியைத் தொட்டுவிடும். ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்து வரும் கறி விலைக்குப் பக்கத்திலேயே போக முடியாது. இந்த நாட்டில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி அப்படி வெளியிலிருந்து வருவதுதான். உள்ளூர் ஆடு குறைவு, அதனால் கேட்ட விலைக்குப் போகிறது.

லாபம் இருப்பது தலை, கால், ஈரல், சுவரொட்டி, குடல், ரத்தத்தில். இவை எல்லாம் அந்த 900 வெள்ளிக்குள்ளேயே வந்துவிடும். கால் சூப்பு வைத்து, தலைக்கறி சமைத்து, குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவ ஆள் இருக்கிற வீட்டுக்குக் காசு வீண் போகாது. தொடைக்கறியும் சாப்ஸும் மட்டும் வேண்டும் என்பவர்கள் பசாரிலேயே வாங்கிக்கொள்ளலாம். எங்கள் கூட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதி குடலைத் தொடவே மாட்டோம் என்றார்கள். அவர்கள் பங்குக் குடலும் என் சட்டிக்குத்தான் வந்தது, எனக்கென்ன வருத்தம்!

எடை போடும் நேரம் முக்கியம். காலையில் தீனி வைப்பதற்கு முன்பு நிறுக்கச் சொல்லுங்கள். ஆட்டின் வயிற்றில் கிடக்கும் புல்லும் தண்ணீரும் மட்டுமே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். முன்பு வேறு ஒருவரிடம் வாங்கியபோது அந்த ஆள் மத்தியானம் வயிறு முட்டத் தின்ன வைத்துத் தராசில் ஏற்றினார். மூன்று கிலோ புல்லுக்குக் கறி விலை கொடுத்தோம். அவரிடம் பிறகு போகவில்லை.

ஆட்டைத் தேர்ந்தெடுக்க என் வீட்டுக்காரர் முதலில் வாயைத் திறந்துதான் பார்ப்பார். பால் பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் வயசு. பிரட்டலுக்கு அதற்கும் இளசான, பல் போடாத குட்டி நல்லது. சூப்புக்கும் நெஞ்செலும்புக் குழம்புக்கும் இரண்டு பல் ஆடுதான் ருசி. காயடிக்காத வளர்ந்த கிடாய் எங்களுக்கு வேண்டவே வேண்டாம். அந்த வீச்சத்தை எத்தனை பட்டை கிராம்பு போட்டாலும் மறைக்க முடியாது. போயர் என்ற வெளிநாட்டு இறைச்சி ஆட்டின் கலப்பில் சதை அதிகம், கச்சாங் என்ற உள்ளூர் ஆடு சின்னது. என் நாக்கு கச்சாங்குக்குத்தான் ஓட்டுப் போடும்.

மாமா நேப்பியர் புல்லோடு செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் போடுவார். "செம்மறி ஏன் வளர்க்கல, மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அந்தப் புண்ணாக்குல தாமிரம் இருக்கும்மா, செம்மறிக்கு ஈரல் கெட்டுச் செத்துப்போயிடும். வெள்ளாடு தாங்கிக்கும்" என்றார்.

கூறு போடுவது தனிக் கலை. தொடை, விலா, நெஞ்செலும்பு, ஈரல் எல்லாவற்றையும் வெட்டி ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். பிறகு ஒருவர் திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். வாயில் வரும் பெயருக்கு அது. ஆட்டை வெட்டியவரே கூறும் பிரித்தால் கட்டாயம் சண்டை வரும். தலையை மட்டும் முறை வைத்துக்கொண்டோம். தோலை யாரும் கேட்பதில்லை, எப்போதாவது உறுமி மேளப் பையன்கள் வந்து கொண்டுபோவார்கள்.

வீட்டுக்கு வந்த கறியை அப்படியே பிரீசரில் தள்ளாதீர்கள். வெட்டிய சூட்டோடு உறைய வைத்தால் தசை இறுகிப்போகும், பிறகு குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் ரப்பர்தான். அன்றைக்கு ரத்தம், ஈரல், குடலைச் சமைத்துவிடுங்கள். கறியை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் ஒரு சமையலுக்கு ஒரு பை என்று பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். கொழுப்பை முடிந்தவரை நறுக்கி எடுத்துவிடுங்கள், நாள் ஆக ஆக வாடை வருவது அதிலிருந்துதான். கொத்துக்கறியை மூன்று நான்கு மாதத்துக்குள் முடித்துவிடுவேன், துண்டுக்கறி அதைவிடத் தாங்கும். இடி மழையில் கரண்ட் போனால் பிரீசரைத் திறக்கவே கூடாது. நிறைந்த பிரீசர் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான்.

விலை பேசப் புரட்டாசி மாதம் நல்ல நேரம். பாதி ஊர் சைவமாக இருக்கும்போது மாமாவுக்கும் பேச நேரம் இருக்கும், தீபாவளி ஆட்டுக்கு அப்போதே முன்பணம் கொடுத்துக் காதில் அடையாளம் போட்டுவிடுவோம். ஹரி ராயா ஹாஜி (பக்ரீத்) நெருங்கும்போது குர்பானிக்கு ஆடு போய்விடும், அந்தச் சமயத்தில் கொட்டகைப் பக்கமே போவதில்லை. வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் முழு ஆடு வேண்டாம். எங்களைப் போன்ற கூட்டில் ஒரு கூறு கேளுங்கள், அரைக் கூறு கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.