உள்ளேயும் பனி: எல்.இ.டி. ஃபாக் லைட்டுடன் நான்கு மழைக்காலங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் காரின் இடப்பக்க ஃபாக் லைட்டை, அதாவது பனிமூட்டத்தில் சாலையைக் காட்ட பம்பரில் இருக்கும் விளக்கை, மூன்றாவது முறையாகக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு தேக்கரண்டித் தண்ணீர் உள்ளங்கையில் வடிந்தது. அன்று மாலையே அலுவலக நண்பர் ஒருவர், அதே விளக்கு ஜோடியின் விலை குறைந்திருப்பதாகச் சொல்லி, "நீங்கதான் நாலு வருசமா ஓட்டறீங்களே, வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பொள்ளாச்சியில் வசிப்பவன். வேலை நிமித்தம் வாரம் இருமுறை வால்பாறைக்குச் சென்று திரும்புகிறேன். ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டகட்டியைக் கடந்து கவர்கல்லை நெருங்கும் இடத்தில், தென்மேற்குப் பருவமழை மாதங்களில், நண்பகலிலும் பானட் முனைக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்கள் உண்டு. அங்கே ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டால் முன்கண்ணாடிக்கு எதிரே வெள்ளை வேட்டியை விரித்துக் காயப்போட்டது போலாகிவிடும். டிம்மில் வைத்தாலும் அந்த வேட்டி சற்றுக் கசங்குமே தவிர விலகாது.

காருடன் வந்த ஃபாக் லைட் 55 வாட், எச்11 வகை ஹாலஜன் பல்பு கொண்டது. அதன் மங்கலில் சலித்துப்போய், அதே விளக்குக் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பை மாற்றிப் பொருத்தியதுதான் நான் செய்த முதல் தவறு. ஹாலஜனில் ஒளி பிறப்பது சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் கம்பியில். அதன் பின்னாலுள்ள ரிஃப்ளெக்டர் அந்தக் கம்பியின் இடத்தையும் வடிவத்தையும் கணக்கிட்டே வார்க்கப்படுகிறது. அந்த இடத்தில் இருபுறமும் ஒளிவிடும் எல்.இ.டி. சில்லுகள் ஒட்டிய ஒரு தட்டையான தண்டைச் செருகினால், கீழே விழ வேண்டிய ஒளி மேலேயும் பக்கவாட்டிலும் சிதறுகிறது. வீட்டு வாசலில் பார்த்தபோது பிரமாதமாக இருந்த அந்த வெள்ளை ஒளி, கவர்கல்லில் எனக்கே எதிரியாயிற்று. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டி, "ஏனுங்க, அந்த லைட்ட அமத்துங்க, ரோடே தெரியமாட்டேங்குது" என்றார். எனக்கும் தெரியவில்லை என்பதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் விதிகளைப் படித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதி, முன்னோக்கி ஒளி வீசும் விளக்கு, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 111-ஆம் விதி, முன்பக்கத்தில் ஸ்பாட் லைட்டும் தேடு விளக்கும் பொருத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழ்நிலைகளில், அதுவும் பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டுமே அவற்றுக்கு இடமுண்டு. உதிரிபாகக் கடைகளில் 'ஃபாக் லைட்' என்ற பெயரில் தொங்குபவற்றில் கணிசமானவை உண்மையில் இந்த ஸ்பாட் லைட் வகையைச் சேர்ந்தவை. குவித்து நெடுந்தூரம் எறிவது ஸ்பாட் லைட்டின் வேலை. வாகனத்தின் காலடியில் அகலமாக விரிந்து, மேலே கத்தியால் நறுக்கியது போல நின்றுவிடுவது ஃபாக் லைட்டின் வேலை. அந்த மேல்விளிம்புக்குத்தான் காசு கொடுக்கிறோம். எத்தனை வாட், எத்தனை லூமன் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே இரண்டாம் முறை, பல்பை மட்டுமல்லாமல் முழு எல்.இ.டி. விளக்கையே வாங்கும்போது, பெட்டியைப் பார்க்காமல் விளக்கின் கண்ணாடியைப் பார்த்தேன். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை. எண் 1 ஜெர்மனியையும் 4 நெதர்லாந்தையும் குறிக்கும். அதன் அருகே 'பி' (B) அல்லது 'எஃப்3' (F3) என்று இருந்தால்தான் அது ஃபாக் லைட்டாகச் சோதிக்கப்பட்டது. முத்திரை பெட்டியில் மட்டும் இருந்து கண்ணாடியில் இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் திரும்பி வந்துவிடலாம். நான் அப்படி இரண்டு கடைகளிலிருந்து திரும்பினேன். வாகன விளக்குகளுக்கான நம் நாட்டின் ஏ.ஐ.எஸ். 008, ஏ.ஐ.எஸ். 012 தரநிலைகளும் ஐரோப்பிய விதிகளை ஒட்டியவை என்பதால் இந்த முத்திரையை ஒரு நம்பிக்கையான அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இயற்பியல் அதை ஆதரிப்பதில்லை. பனித்துளியின் பருமன் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எனவே அது எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கிறது. இருந்தும் நான் 3000 கெல்வின் மஞ்சளையே எடுத்தேன். நீலம் குறைந்த ஒளியில் என் கண் குறைவாகக் களைக்கிறது, அவ்வளவுதான் காரணம். பிரான்சு 1993 வரை தன் நாட்டுக் கார்களின் ஹெட்லைட்டையே மஞ்சளாக வைத்திருந்தது என்பதை என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "பழைய லாரி மாதிரி இருக்கு" என்ற அவருடைய கருத்து மாறவில்லை.

பொருத்துவது எளிதாகவே முடிந்தது. இரண்டு ஹாலஜன்களும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுத்த இடத்தில், 15 வாட் வீதம் இவை இரண்டும் சேர்ந்து 2.5 ஆம்பியர்தான் இழுக்கின்றன. பழைய ரிலேயும் ஸ்விட்சும் அப்படியே போதுமானதாக இருந்தன. கோணம் சரிபார்ப்பதற்குத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் மையத்து உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளியின் மேல்விளிம்பு அதற்கு 4 அங்குலம் கீழே விழும்படி திருகைத் திருப்ப வேண்டும். அதைக்கூட டிக்கி காலியாக இருக்கும்போது செய்துவிட்டு நான்கு மூட்டை ஏற்றினால், கார் மூக்கைத் தூக்க, அத்தனை உழைப்பும் வீணாகும்.

இனிப் புகழ்ச்சி; அது இந்த விளக்குக்கு உரியது. முதல் முறை கவர்கல்லில் பகல்நேரப் பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, சிறு விளக்குகளோடு இவற்றை மட்டும் போட்டபோது, தரையோடு தரையாகப் பாய் விரித்தாற்போல ஒரு மஞ்சள் ஒளி படர்ந்தது. சாலையோர வெள்ளைக்கோடும், இருபுறத்துத் தடுப்புக் கற்களின் அடிப்பாகமும், ஓடும் மழைநீரும் தெரிந்தன. அதற்கு மேலே எதுவும் தெரியவில்லை, தெரியவும் தேவையில்லை. இன்னொரு நாள், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு அருகே, நான்கு கால்கள் மட்டும் சாலையைக் கடந்தன. முழங்காலுக்குக் கீழே மஞ்சள் ஒளியில் ஒவ்வொரு குளம்பும் துல்லியமாகத் தெரிந்தது. உடல் பனிக்குள் இருந்தது. அது வரையாடு என்பது, அது ஓரத்து மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்த பிறகுதான் உறுதியாயிற்று. நான்கு ஆண்டுகளில் எதிரே வந்தவர் ஒருவர்கூட எனக்கு பிரைட் அடித்துக் காட்டியதில்லை.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். முதல் மழைக்காலத்தின் நடுவிலேயே இடப்பக்கக் கண்ணாடிக்குள் முத்து முத்தாகத் துளிகள் படிந்தன. விற்றவரிடம் கேட்டதற்கு, "அது சகஜம் சார், ஒரு மணி நேரம் எரிஞ்சா தானா காஞ்சிரும்" என்றார். ஹாலஜனாக இருந்தால் அவர் சொன்னது நடந்திருக்கும்; அது தின்னும் 55 வாட்டில் பெரும்பகுதி வெப்பமாக விளக்கின் கண்ணாடியைச் சுட்டு, ஈரத்தை விரட்டிவிடும். எல்.இ.டி.யின் வெப்பமோ பின்புறத்து அலுமினியத் தகடுகள் வழியாக வெளியேறுகிறது. கண்ணாடி குளிர்ந்தே கிடக்கிறது. எரிந்து சூடான விளக்கு ஒரு குட்டையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக்காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியேறும் வழி பின்னாலுள்ள ஒரு சிறு சுவாசத் துளை மட்டுமே. அதுவும் சேறு அடைத்தால் மூடிக்கொள்கிறது.

இதை ஓர் அழகுக் குறை என்று தள்ளிவிட முடியவில்லை. உள்ளே துளிகள் படிந்த அன்று சுவரில் ஒளியை அடித்துப் பார்த்தேன்: வலப்பக்கம் கோடு கிழித்தது போன்ற விளிம்பு, இடப்பக்கம் மேலே வரைக்கும் ஒரு மஞ்சள் புகை. சட்டத்துக்கு உட்பட்ட விளக்கு என்று தேடித்தேடி வாங்கிய பொருள், ஒரு தேக்கரண்டித் தண்ணீரால் நான் தூக்கியெறிந்த அந்த மலிவான பல்பின் நிலைக்கு வந்துவிடுகிறது. கண்ணாடியில் பொறித்த முத்திரை உலர்ந்த விளக்குக்குத்தான் சாட்சி சொல்கிறது. வால்பாறைக்கு ஏற்ற விளக்கு வாங்கினேன் என்று நினைத்தேன். நான் வாங்கியது வால்பாறையைத் தவிர மற்ற எல்லா ஊருக்கும் ஏற்ற விளக்கு.

ஆத்திரம் இருந்தாலும் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு, எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவர் பம்பருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வயரைத் தொட்டுக் காட்டினார். வலப்பக்க வயர் தொய்வாகத் தொங்கி, பின் மேலேறி, விளக்கோடு வயர் சேரும் கப்ளரில் நுழைந்தது. இடப்பக்க வயர் மேலிருந்து விறைப்பாக நேரே இறங்கியது. தண்ணீர் வயரோடு வழிந்து நேராகக் கப்ளருக்குள் போக, நாமே வாய்க்கால் வெட்டி வைத்தது போலிருந்தது. அவர் ஒரு சாண் வயர் சேர்த்துத் தொய்வு விட்டுக் கட்டினார். அந்த ஆண்டு பாதித் தண்ணீர் குறைந்தது. ஆக, பாதிப் பழி விளக்கின் மீதல்ல, பொருத்தியவர் மீது. சர்வீஸ் சென்டரில் உயர் அழுத்தக் குழாயைப் பம்பருக்குள் நீட்டிக் கழுவ நான் அனுமதித்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மீதிப் பாதி மட்டும், மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வாங்க வேண்டாம். விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். உங்கள் ஹாலஜன் கூடு நல்ல நிலையில் இருந்தால், மங்கிய பல்பை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, கோணத்தைச் சரிசெய்து, அதையே ஓட்டுங்கள். அவர் உடனே, "அப்போ உங்களோடதக் கழட்டிக் குடுத்துருங்களேன், பாதி விலை தர்றேன்" என்று எழுதினார். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. இடப்பக்க விளக்கு மூன்றாவது நாளாகச் சமையலறை மேடையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. வியாழக்கிழமை மலையேறுவதற்குள் அதை மாட்டியாக வேண்டும்.