போனது ஒரு பல், பில் மூன்று பல்லுக்கு

லண்டனில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியதிலிருந்து ஒரு வருடமாக ஒரே பக்கம் மென்றுகொண்டிருந்தேன். என்.எச்.எஸ். என்ற அங்குள்ள அரசு மருத்துவ சேவையில் பிரிட்ஜ் என்னும் கட்டுப்பல் வைக்க முந்நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், சரி கொடுக்கலாம் என்றாலும் புதிதாக நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பல் டாக்டர் கிடைக்கவேண்டுமே. அதனால் திருச்சி போன மறுநாளே தில்லைநகரில் ஒரு பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். இருந்ததே மூன்று வாரம்.

முதலில் இம்ப்ளான்ட்தான் கேட்டேன், தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் பல் பொருத்துவது. திருகு எலும்போடு சேரவே சில மாதம் ஆகும், அப்புறம்தான் மேலே பல் வைக்க முடியும் என்றார். இரண்டு முறை டிக்கெட் போட நம்மால் ஆகாது. பிரிட்ஜ் என்றால் காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பல்லைச் சுற்றிலும் ராவி, மூன்று பல்லும் ஒரே துண்டாகச் செய்து அவற்றின் மேல் ஒட்டுவது. நல்ல பல்லை ராவுவதா என்று எனக்கு மனசே வரவில்லை. ஆனால் என் விஷயத்தில் ஒரு பக்கம் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பல், மறுபக்கம் பாதிக்கு மேல் அடைத்த பல், எப்படியும் கேப் போடவேண்டியவைதான். இரண்டும் சொத்தையில்லாத பல்லாக இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன்.

ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகை, பல்லுக்கு எட்டாயிரம். கணக்கு மூன்று பல்லுக்கு, ஆக 24,000 ரூபாய். ஊசி போட்டு ராவி, அளவெடுத்து, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப் மாட்டி அனுப்பினார்கள். லேபிலிருந்து வர ஒரு வாரம். அதுவரை குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது.

ஒட்டிய அன்று நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் அம்மா கொடுத்த முறுக்கைக் கடித்ததும் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தது, இரண்டு நாளில் தாடையே வலி. போன் செய்தால் "பழகிடும் சார்" என்கிறார்கள். நேரில் போய் அடம்பிடித்து இரண்டு முறை தேய்த்த பிறகுதான் சரியானது. கிளம்புவதற்கு முதல் நாள் ஒட்டியிருந்தால் இந்தத் தேய்ப்புக்கு லண்டனில் தனியாக அழுதிருக்கவேண்டும், அதனால் ஊர்போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும், கோயிலும் கல்யாணமும் அப்புறம்.

எக்ஸ்ரேயும் பல் செய்த லேப் கொடுத்த கார்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடுப் பல்லுக்கு அடியில் சோறு தங்கும், அங்கே நூலோ சின்ன பிரஷ்ஷோ விட்டுத் தினமும் எடுக்கவேண்டும் என்பதை மட்டும் நானாகக் கேட்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை.