65535ஓடு ஒன்றரை வருடம்

மட்டக்களப்பு நண்பர் ஒருவர் போன கிழமை போன் எடுத்தார். "அண்ணை, உங்கட ஏ.எஸ்.400 டேட்டாவை போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுபோக எதைப் பாவிக்கிறீங்கள்? நம்பலாமோ?" ஜேடிஓப்பன் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். கோபம் விடவில்லை. ஏ.எஸ்.400 என்பது ஐ.பி.எம்.மின் பழைய வணிகக் கணினி, போஸ்ட்கிரெஸ் ஒரு டேட்டாபேஸ்; அந்தக் கணினியில் கிடக்கும் டேட்டாவை ஜாவா வழியாக எடுத்துத் தரும் டிரைவர்தான் ஜேடிஓப்பன்.

நியாயமாகப் பார்த்தால் குறை சொல்லக் கூடாது. இலவசம். ஒரேயொரு ஜார் கோப்பு, அதாவது ஜாவா நிரல் பொதி. பழைய மெஷினில் புதிதாக ஒன்றும் ஏற்றத் தேவையில்லை. திருகோணமலையில் எங்கள் களஞ்சியத்துக் கணக்கு ஒவ்வொரு இரவும் இதன் வழியாகத்தான் போகிறது. பெக்ட் டெசிமலில், அதாவது ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்துக் கிடக்கும் பணத் தொகைகள் ஒரு சதமும் பிசகாமல் வந்து சேருகின்றன.

ஆனால் 65535. அந்த மெஷினில் எழுத்து எந்தக் குறிமுறையில் இருக்கிறது என்பதைச் சொல்ல சி.சி.எஸ்.ஐ.டி. என்று ஒரு எண் உண்டு. சாதாரண ஆங்கிலத்துக்கு 37. 65535 என்றால் "கை வைக்காதே, அப்படியே கொடு" என்று அர்த்தம். எங்கள் பழைய கோப்புகளில் பாதிக்கு மேல் அதுதான். முதல் இரவு, TRINCO என்று வர வேண்டிய இடத்தில் E3D9C9D5C3D6 வந்து நின்றது. அந்த மெஷினின் எழுத்துக் குறிமுறையான எப்சிடிக்கின் அட்டவணையை எடுத்து வைத்துப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். E3 என்றால் T, D9 என்றால் R. சரி, டேட்டா பழுதில்லை.

65535 பீல்டுகளையும் எழுத்தாக மாற்றச் சொல்லும் 'டிரான்ஸ்லேட் பைனரி' என்று ஒரு அமைப்பு ஜேடிஓப்பனில் இருப்பது மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. அதை ட்ரூ ஆக்கியதும் பெயர்கள் எல்லாம் பெயர்களாயின. அன்று எல்லோருக்கும் என் கணக்கில் பிளேன்ரீ.

அடுத்த இரவே லோட் நின்றது. அந்தக் காலத்தில் யாரோ இடம் மிச்சம் பிடிக்க, குறிப்பு எழுதும் பீல்டின் கடைசி 4 பைட்டில் விலையைப் பெக்ட் ஆகத் திணித்திருக்கிறார். அதையும் எழுத்தென்று மாற்றப் போய் நடுவில் பூச்சிய பைட் வந்துவிட்டது. டெக்ஸ்ட் பீல்டில் பூச்சிய பைட்டை போஸ்ட்கிரெஸ் எந்தக் காரணம் கொண்டும் ஏற்காது. விடிய ஐந்து மணிக்கு வந்து பார்க்கிறேன், கேற்றடியில் இரண்டு மான்கள் நேற்றைய சோற்றுப் பார்சல் பேப்பரை மென்றுகொண்டு நிற்கின்றன, உள்ளே திரையில் அந்தப் பிழைச் செய்தி.

பிறகு அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, எழுத்தாக வர வேண்டிய பீல்டுகளை மட்டும் தேடிப் பிடித்து, டேட்டாவைக் கேட்டெடுக்கும் எஸ்.கியூ.எல்.லிலேயே 37க்கு காஸ்ட் பண்ணி, அதாவது மாற்றி, அப்படியே காட்டும் வியூ எழுதினேன். இன்னும் எழுதுகிறேன். பிழை டிரைவரில் இல்லை, கோப்பை உருவாக்கியவரில் என்பது தெரியும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஏச்சு வாங்க டிரைவர்தான் மிச்சம்.

நேற்றிரவும் ஒரு கோப்பு நின்றது. "வேறு ஏதாவது பாருங்கோ" என்று நண்பருக்கு மெசேஜ் போட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அடுத்த மாதம் சம்பளக் கோப்புகளை மாற்ற வேண்டும், அதற்கும் இதே ஜார்தான்.