மனையியலா, உளவியலா: குழந்தை வளர்ச்சி படிக்க எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடித்து, குழந்தைகளோடு வேலை செய்ய விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் பி.எஸ்சி. உளவியலைத்தான் தேடுகிறார்கள். மனையியல் துறைக்குள் மனித மேம்பாடு என்றொரு பிரிவு இருப்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. சமையலும் தையலும்தானே என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

கருவிலிருந்து முதுமை வரை உடல், மொழி, உணர்வு, உறவு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது மனித மேம்பாடு. ஊட்டச்சத்தும் கூடவே வரும். மழலையர் பள்ளியில் உட்கார்ந்து குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதும் பயிற்சி இதன் உயிர். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்ற இடம். பெண்கள் மட்டுமே சேரலாம்.

உளவியலில் ஆய்வுமுறை, புள்ளியியல், மனநலக் கோளாறுகள் ஆழமாக வரும். குழந்தை வளர்ச்சி பெரும்பாலும் ஒன்றிரண்டு தாள்களோடு நின்றுவிடும். மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் இந்த வழிதான். ஆனால் இளநிலைப் பட்டத்தோடு அது முடியாது. மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வு மன்றப் (RCI) பதிவும் வேண்டும்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினருக்கான தகுதிப் படிப்புகளில் குழந்தை உளவியலோடு மனித மேம்பாட்டையும் சேர்த்திருக்கிறது. அங்கன்வாடி, முன்பருவக் கல்வி, பெற்றோர் வழிகாட்டல் பக்கம் மனம் போனால் மனித மேம்பாட்டையே எடுங்கள். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, களப்பயிற்சி எத்தனை வாரம் என்று கேட்டுவிடுங்கள்.