வ்ராஸோவா, ப்ஸீனோவா? கிரேக்க சமையல்ல எது எங்க வரும்

கிரேக்க மொழி படிக்கறவங்க இந்த ரெண்டு வினைச்சொல்லையும் நல்லா பிரிச்சு தெரிஞ்சுக்கணும். வ்ராஸோ ஈஸி, தண்ணில கொதிக்க வச்சு அவிக்கறது. அவிச்ச முட்டை, கீரைய அவிச்சு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விடுற ஹோர்த்தா எல்லாம் அதுல வந்துரும்.

ப்ஸீனோ தான் செம, ஓவன்ல வேகற கோழி, கரி அடுப்புல சுடுற மீன் ரெண்டுக்கும் இதே சொல்தான், அதவிட அழகு என்னன்னா காபிக்கும் இதையே சொல்வாங்க! ப்ரிகினு நீள கைப்பிடி வச்ச குட்டி பாத்திரத்துல காபித்தூள், சர்க்கரை, தண்ணி போட்டு சின்ன தீயில வச்சு, கைமாகிங்கற நுரை பொங்கி மேல வரும்போதே டக்குனு இறக்கிடுவாங்க, தளதளன்னு கொதிக்கவிட்டா அந்த நுரை போயிடும்.

மொதல்ல எத படிக்கலாம்னு கேட்டா நான் ப்ஸீனோன்னுதான் சொல்வேன், சாப்பாட்டுக் கடை மெனுல அந்த குடும்பத்து சொல் நிறைய வரும்.